கீசர் பைப்புல குத்துன எலுமிச்சம்பழம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. மெக்கானிக் "நாளைக்கு வரேன்"னு சொல்லிட்டுப் போனா, அவரு தெருமுனை திரும்பறதுக்குள்ள நானே மெக்கானிக் ஆயிடுவேன். ஐம்பது தாண்டியும் இது குணமாவல. எங்க வீட்டுல ஒரு டேபிள் ஃபேன் இருக்குது. நான் ரிப்பேர் பண்ண நாள்ல இருந்து அதுக்குக் காத்து பின்பக்கமா வருது. அதனால அதை சுவத்தைப் பாத்து உக்கார வெச்சிருக்கோம். (வீட்டுக்கு வர்றவங்க, "ஃபேனு ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?"ன்னு கேப்பாங்க.)

திருத்தணியில மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடறது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுக்குக் கூப்பிட்டாலும் போயி குழாய் கட்டுவேன். எங்க தொழில்ல ஸ்பீக்கருக்குப் பேரு குழாய். இந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவுத்துச்சு. முப்பது வருஷமா குழாய் கட்டுறவனுக்கு, குளிக்கிற ரூம்ல இருக்கற ஒரு சின்னக் குழாய் தெரியாதான்னு நினைச்சேன். தெரியல.

அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க பாவாவைப் பத்தி சொல்லணும். பாவான்னா அக்கா வீட்டுக்காரரு. அக்காவை ஆந்திராவுல, நகரியில குடுத்திருக்கோம். அங்கெல்லாம் மாமான்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டாங்க, பாவாதான். பாவா ஒரு சக்கரை ஆலையில பாய்லர் பாத்துகினு இருந்தவரு. ரொம்பப் பேச மாட்டாரு. சந்தோசமா இருந்தா "ஆங்"னு சொல்லுவாரு. ரொம்ப சந்தோசமா இருந்தா கொஞ்சம் மெதுவா "ஆங்"னு சொல்லுவாரு.

அவரோட பெரிய பையன் கல்யாணத்துல மைக் செட்டு நம்மளுதுதான். கைல மைக் இருந்தா எனக்கு வாய் நிக்காது. வாழ்த்திப் பேசறேன்னு ஆரம்பிச்சி, "எங்க பாவா முப்பது வருஷம் பாய்லர் பாத்தாருங்க. பாய்லர் அது பாட்டுக்குக் கொதிச்சுது. இவரு பாட்டுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு சும்மா குளிர் காஞ்சிகினு இருந்தாரு. அந்த சூடு இன்னும் உடம்புல இருந்து இறங்கல. எங்க அக்கா இவரு முதுகுலதான் குழம்பை சூடு பண்ணிக்குது"ன்னு சொன்னேன். மண்டபமே சிரிச்சுது. முன் வரிசையில அவரோட ஆலை ஆளுங்க இருந்தாங்க. அவங்கதான் அதிகமா சிரிச்சாங்க.

பாவா சிரிக்கல. எழுந்து வந்தாரு. என் கையில இருந்த மைக்கை அப்படியே விட்டுட்டு, ஆம்ப்ளிஃபயர்ல சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணிட்டு பந்திக்குப் போயிட்டாரு. அன்னையில இருந்து ஒம்பது வருஷம் என் கூட ஒரு வார்த்தை பேசல.

பேசலன்னா, முறைச்சிகினு போறதெல்லாம் இல்ல. எல்லாமே அக்கா வழியாத்தான். பந்தியில சாம்பார் வாளியைத் தூக்கிகினு என் எலைக்கு நேரா நிப்பாரு. நின்னுகினு, நாலு எலை தள்ளி உக்காந்திருக்கற அக்காகிட்ட, "உன் தம்பிக்கு சாம்பார் வேணுமான்னு கேளு"ம்பாரு. அக்கா அங்கிருந்து, "சேகரு, சாம்பார் வேணுமாடா?"ன்னு கத்தும். நான், "கொஞ்சமா"ன்னு அக்காவைப் பாத்து சொல்லுவேன். "கொஞ்சமாவாம்ங்க"ன்னு அக்கா திருப்பிச் சொல்லும். அதுக்கப்புறம்தான் சாம்பார் விழும். சாதம் ஆறிப் போயிருக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அக்கா போன் பண்ணுச்சு.

"சேகரு, பேரனுக்கு மொட்டை. வர வெள்ளிக்கிழமை. காலைல பஸ்ஸு புடிச்சி உன் வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு மலை ஏறலாம்னு சொல்லியிருக்கேன்."

"பாவா இன்னாக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

எங்க வீட்டுக் கணக்குல அது பெரிய விஷயம். ஒம்பது வருஷமா அந்த மனுஷன் என் வாசப்படி மிதிக்கல. மலைக்கு வந்தாலும் பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரா படிக்கட்டுக்குப் போயி, அப்படியே திரும்பிடுவாரு.

"அவருக்கு சுடுதண்ணி மட்டும் இருக்கணும்டா. பச்சைத் தண்ணி ஆவாது"ன்னு அக்கா சொல்லுச்சு. அப்புறம் இதையும் சொல்லுச்சு. "இந்த வாட்டி ஏதாவது குளறுபடி ஆச்சின்னா, இனிமே நானும் வர முடியாதுடா சேகரு. உனக்கும் அவருக்கும் நடுவுல நின்னு நின்னு எனக்கு கால் வலிக்குது."

அக்கா அழுதுச்சு. போன்லயே கேட்டுச்சு. எனக்குக் கூடப் பொறந்தது அது ஒண்ணுதான்.

அது வரைக்கும் எங்க வீட்டுல கேஸ் அடுப்புல அண்டா வெச்சித்தான் தண்ணி காய்ச்சுவோம். பாவாவுக்கு அண்டா தண்ணியான்னு நினைச்சி, புதன்கிழமையே கீசர் வாங்கிட்டேன். மாட்டறதுக்கு கரீம் பாய் வந்தாரு. எங்க பக்கம் மோட்டார், பைப்பு, கீசர் எதுன்னாலும் அவருதான். அமைதியா வேலை செய்யற ஆளு. எல்லாம் மாட்டி முடிச்சிட்டு, கீசர் அடியில தண்ணி ஏறற எடத்துல, பித்தளையில மூக்கு மாதிரி நீட்டிகினு இருந்ததைக் காட்டுனாரு.

"அண்ணே, இது சேஃப்டி வால்வு. தண்ணி சூடாச்சின்னா பெருத்துக்கும். பெருத்த தண்ணி வந்த வழியே திரும்ப முடியாது. திருவிழாவுக்கு பஸ் ஸ்டாண்டு ரோட்டை ஒன்வே ஆக்கிடுவாங்க இல்ல, அந்த மாதிரி. அதனால இந்த மூக்கு வழியா சொட்டும். சொட்டுனா நல்லது. பயந்துடாதீங்க."

"சரி பாய்."

"இதுல இருந்து கீழ ஒரு பைப்பு விடணும். சுடுதண்ணி பைப்பு. இப்ப என் கைல இல்ல. நாளைக்கு பொதட்டூர்பேட்டையில ஒரு தறிக்காரர் வீட்டுல மோட்டார் வேலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்து மாட்டிடறேன். அது வரைக்கும் எதையும் வெச்சி அடைச்சிடாதீங்க."

"நான் இன்னா சின்னப் புள்ளையா பாய்?"

பாய் சுவத்தைப் பாத்துகினு இருந்த ஃபேனை ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"அண்ணே, அடைக்காதீங்க"ன்னு மறுபடியும் சொல்லிட்டு வண்டிய எடுத்தாரு.

மறுநாள் காலையில சுகுணா குளிக்கப் போனா. (சுகுணா என் வீட்டுக்காரி. என் ரிப்பேருக்கெல்லாம் முதல் சாட்சி.) போன வேகத்துல கத்துனா.

"இன்னாங்க! புது சாமான் ஒழுவுதுங்க!"

"ஒழுவல. சொட்டுது. சொட்டுனா நல்லதுன்னு பாய் சொன்னாரு."

"அவருக்கு நல்லது. சுடச்சுட என் தோள் மேல இல்ல விழுது! நாளைக்கு அண்ணா குளிக்கும்போது மண்டையில விழுந்தா?"

பாவாவுக்கு மண்டையில முடி கிடையாது. நான் கண்ணை மூடி யோசிச்சிப் பாத்தேன். முருகான்னு முதல் சொம்பு எடுப்பாரு. மேல இருந்து ஒரு சொட்டு நடு மண்டையில சுள்ளுனு விழும். ஒம்பது வருஷம் பதினெட்டு வருஷம் ஆயிடும்.

பாய் வர்றது வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. பாவா வர்றது ஆறரைக்கு. நடுவுல இருக்கற மூணரை மணி நேரத்தை யாரு காப்பாத்தறது? நான்தான்.

குடோன்ல பந்தல் லைட்டுக்கு வயர் உள்ள விட்டு எடுக்கற வயரிங் பைப்பு கிடந்துச்சு. சுடுதண்ணி பைப்பு இல்லன்னா இன்னா, இதுவும் பைப்புதானே? இன்னொரு சிக்கல். தரையில இருக்கற தண்ணி போற ஓட்டைக்கு இறக்கலாம்னா, பைப்பு பாவாவோட கால்ல இடிக்கும்னு தோணுச்சு. மேல இருந்த ஒரே வழி வென்டிலேட்டர். அதனால மூக்குல இருந்து பைப்பை மூணு அடி மேல ஏத்தி, வளைச்சி, வென்டிலேட்டர் வழியா வெளிய விட்டு, சந்துப் பக்கம் மறுபடியும் ஒரு முழம் மேல தூக்கி நிறுத்துனேன். சேர்ற எடமெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பு. (டேப்பு சுத்துனா ஷாக் அடிக்காதே, அந்த நம்பிக்கை.) தண்ணி கீழ போற சாமான், அதுக்கு மேல போறது புடிக்காதுன்னு ஒரு நிமிஷம் கூட எனக்குத் தோணல. என் தொழில்ல குழாயை எப்பவுமே உசரத்துலதான் கட்டுவோம்.

வெளிய நீட்டுன முனையை ஆக்ஸா பிளேடால வெட்டுனேன். பிளேடு அது இஷ்டத்துக்கு சாஞ்சிகினு போயி முனை கூரா வந்துச்சு. பந்தல் ஆர்ச்சுக்கு அடிச்சது போக வெள்ளி பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அதையும் அடிச்சேன். சந்துல இறங்கி நின்னு பாத்தேன். சுவத்துல இருந்து பளபளன்னு ஒண்ணு மேல பாத்து நின்னுச்சு. சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டுனேன்.

"எப்படி இருக்குது?"

"வேல் மாதிரி இருக்குது"ன்னா.

திட்டுனாளா பாராட்டுனாளான்னு இப்ப வரைக்கும் தெரியல. நான் பாராட்டுன்னு எடுத்துகினேன்.

சாயங்காலம் ஒரு வாட்டி கீசரைப் போட்டுப் பாத்தோம். பைப்பு மெதுவா நெறஞ்சி, கொஞ்ச நேரம் கழிச்சி வேல் முனையில இருந்து சொட்ட ஆரம்பிச்சுது. எங்க சந்து ரெண்டு பேரு எதிரெதிரா வந்தா ஒருத்தர் ஓரமா நிக்கணும், அவ்ளோதான் அகலம். சொட்டு நேரா எதிர் வீட்டு வாசல்ல விழுந்துச்சு. எதிர் வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமைக்குன்னு அப்பதான் பெரிசா ஒரு மயில் கோலம் போட்டு முடிச்சி இடுப்பைப் புடிச்சிகினு நிமிர்ந்தாங்க.

"இன்னாபா சேகரு, உங்க வீட்டு பாத்ரூம் தண்ணி என் மயில் மேல ஊத்துது!"

"பாத்ரூம் தண்ணி இல்லக்கா, கீசர் தண்ணி."

"எந்த ஊரு தண்ணியோ. மயிலுக்குக் கழுத்து போச்சி. நிறுத்து."

நிறுத்தணும். ஆனா பைப்பைக் கழட்டுனா பாவா மண்டையில சொட்டும். கழட்டாம விட்டா மயில் கழுத்துல சொட்டும். யோசிச்சிகினே உள்ள வந்தேன். பூஜைக்குன்னு சுகுணா வாங்கி வெச்ச எலுமிச்சம்பழம் தட்டுல இருந்துச்சு.

இந்த எடத்துல நீங்க எங்க ஊரைப் புரிஞ்சிக்கணும். திருத்தணியில வேல்னு ஒண்ணு இருந்தா அதும் முனையில பழம் இருக்கும். பழம் இல்லாத வேலைப் பாத்தா எங்களுக்கு, பொட்டு இல்லாத நெத்தியைப் பாத்த மாதிரி கை பரபரங்கும். தட்டுல இருந்ததுல பெரிய பழமாப் பாத்து எடுத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, முனையில வெச்சி நல்லா முறுக்கி அமுக்குனேன். கூரான முனை பழத்துக்குள்ள ஒரு விரல் கட்டை இறங்கி கெட்டியா புடிச்சிகினுச்சு. மேல ஒரு குங்குமப் பொட்டு. திருஷ்டிக்கும் ஆச்சு, சொட்டுக்கும் ஆச்சு. ஸ்டூல் மேலயே கை கூப்பி ஒரு கும்பிடு போட்டேன்.

பாய் சொன்னது ஞாபகம் வரலையான்னு கேப்பீங்க. வந்துச்சு. ஆனா பாய் சொன்னது அடைக்காதீங்கன்னு. நான் எங்க அடைச்சேன்? பழம் குத்துனேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கே கீசரைப் போட்டுட்டேன். ஆஃப் பண்ணவே இல்ல. மரியாதை.

ஆறரைக்கு வந்தாங்க. அக்கா, இடுப்புல பேரன், பின்னாடி தோள்ல துண்டோட பாவா. (பையனும் மருமகளும் நேரா மலையில வந்து சேர்றதா ஏற்பாடு.) பாவா வாசப்படி தாண்டி வலது காலை வெச்சாரு பாருங்க, எனக்கு நெஞ்சுக்குள்ள பேண்ட் வாத்தியமே அடிச்சுது. உள்ள வந்து சுத்திப் பாத்துட்டு, "வீட்டுக்கு வெள்ளை அடிச்சிருக்காங்க போல இருக்குது"ன்னு அக்காகிட்ட சொன்னாரு. என் வீட்டைப் பத்தி ஒம்பது வருஷத்துல முதல் பேச்சு!

முதல்ல குழந்தையைக் குளிப்பாட்டுனாங்க. அப்புறம் அக்கா குளிச்சுது. ஒவ்வொரு வாட்டி சுடுதண்ணி எடுக்கும்போதும் கீசர்ல புதுத் தண்ணி ஏறும், அது சூடாவும், பெருக்கும், பெருத்தது மூக்கு வழியா என் பைப்புக்குள்ள வரும். வெளிய போவ வழி இல்ல. முனையில பழம். இதெல்லாம் எனக்குப் பின்னாடி பாவா சொல்லித்தான் தெரியும். அப்ப நான் ஹால்ல உக்காந்து பேரனுக்கு விசிலடிச்சிக் காட்டிகினு இருந்தேன்.

பாவா துண்டோட பாத்ரூமுக்குள்ள போனாரு. பத்து எண்றதுக்குள்ள வெளிய வந்தாரு. மூஞ்சி மாறிப் போயிருந்துச்சு.

"சரோஜா. அந்த பைப்பு எங்க போவுதுன்னு கேளு."

அக்கா ஈரத் தலையோட ஓடி வந்துச்சு. "சேகரு, அந்த பைப்பு எங்கடா போவுது?"

"வெளிய போவுதுக்கா."

"வெளிய போவுதாம்ங்க."

எட்டிப் பாத்தேன். நேத்து நேரா நின்ன பைப்பு சூட்டுல இளகி, வயித்து வலிக்காரன் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. டேப்பு சுத்துன எடத்துல இருந்து உஸ்ஸுனு ஒரு சத்தம். பாவா கண்ணாலயே பைப்பைத் தொட்டுகினு வென்டிலேட்டர் வரைக்கும் போனாரு. அப்புறம் செருப்பு கூடப் போடாம சந்துக்கு நடந்தாரு. நான் பின்னாடியே போனேன். நடுவுல அக்கா.

சந்துல நின்னு அண்ணாந்து பாத்தாரு. வெள்ளி வேல். முனையில பழம். பழத்தோட அடியில இருந்து சாறு நுரைச்சிகினு வழியுது.

"அது இன்னான்னு கேளு."

"அது இன்னாடா சேகரு?"

"வேலுக்கா"ன்னு சொல்லிட்டு, பெருமையா வேலுக்கு நேர் கீழ போயி நின்னு, அண்ணாந்து கையால காட்டுனேன்.

"வேலாம்ங்க."

"பாத்ரூம்ல இருந்து எதுக்கு வேல் வருதுன்னு கேளு!"

"பாத்ரூம்ல இருந்து எதுக்குடா..."

"அழகுக்குக்கா."

"அழகுக்காம்ங்க."

"பழம் எவன் குத்துனான்னு கேளு!"

"நான்தான்க்கா."

"அவன்தானாம்ங்க."

"சுவிட்சு ஆன்ல இருக்குதா ஆஃப்ல இருக்குதா, கேளு, சீக்கிரம் கேளு!"

அக்காவுக்கு மூச்சு வாங்குது. "சேகரு, சுவிட்சு..."

"எந்த சுவிட்சுக்கா?"

"எந்த சுவிட்சுன்னு கேக்கறான்ங்க..."

"ஒரேய் சேகரு! ஜருகுரா!"

தெலுங்குல ஜருகுரான்னா நகருடான்னு அர்த்தம். அர்த்தம் என் காதுக்கு வர்றதுக்குள்ள பாவாவோட ரெண்டு கையும் என் நெஞ்சுல வந்துடுச்சு. ஒரே தள்ளு. எதிர் வீட்டு மயில் கோலத்து மேல மல்லாக்க விழுந்தேன். அதே நிமிஷம் தலைக்கு மேல "டப்"னு ஒரு சத்தம். வேல் முனையில இருந்து பழம் காணோம். நான் நின்ன எடத்துல, சரியா என் மூஞ்சி இருந்த எடத்துல, ஆவி பறக்கற தண்ணி ஒரு பட்டை அடிச்சி சந்துத் தரையில விழுந்துச்சு.

பழம் எங்க போச்சுன்னு அப்புறம்தான் பாத்தோம். சந்து முனையில மஞ்சள் வேட்டி கட்டிகினு ஒரு கூட்டம் மலைக்குப் போயிகினு இருந்துச்சு. வானத்துல இருந்து குங்குமம் வெச்ச பழம் ஒண்ணு வந்து, முன்னாடி நடந்த பெரியவரோட விரிச்ச துண்டுல பொத்துனு விழுந்துச்சு. அவரு எடுத்தாரு. கண்ணுல ஒத்திகினாரு. உடனே திரும்பி, "டேய், சூடா இருக்குதுடா!"ன்னு கத்துனாரு. கூட்டமே, "அரோகரா!"ன்னு போட்ட சத்தத்துக்கு என் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணுமே இல்ல. அந்தப் பழத்தை இப்ப எந்த ஊருல எந்த பூஜை ரூம்ல வெச்சிருக்காங்களோ. அவங்ககிட்ட யாரும் உண்மையைச் சொல்லிடாதீங்க.

பாவா உள்ள ஓடி மெயின் சுவிட்சை இறக்கிட்டு திரும்ப வந்தாரு. வந்து ஆரம்பிச்சாரு பாருங்க. ஒம்பது வருஷமா உள்ள கெடந்த அத்தனையும் வெளிய வந்துச்சு.

"அறிவு இருக்குதாடா உனக்கு? வால்வு வாயில பழம் வெக்கறவன் உலகத்துல எவனாவது உண்டா? வயர் போற பைப்புல வெந்நீர் விடுவியா? நீ நின்னியே, அங்க நின்னியே, மூஞ்சி வெந்து போயிருக்கும்டா! உங்க அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" நடுநடுவுல தெலுங்கு. அதை இங்க எழுத முடியாது.

நான் கோலத்துல இருந்து எழுந்திரிக்கப் பாத்தேன். அக்கா குனிஞ்சி என் தோளைப் புடிச்சி அமுக்குச்சு. கண்ணுல தண்ணி ஊத்துது, வாய் சிரிக்குது.

"எழுந்திரிக்காதடா. எழுந்தா நிறுத்திடுவாரு!"

வாசல்ல குழந்தையைத் தூக்கி வெச்சிகினு நின்ன சுகுணா, "அண்ணா, அந்த ஃபேனைப் பத்தியும் கேளுங்கண்ணா!"ன்னு எடுத்துக் குடுத்தா. திட்டு வாங்கறது அவ்ளோ இனிக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். முதுகெல்லாம் கோலமாவு, மனசெல்லாம் தீபாவளி.

திட்டி முடிச்சி பாவா பாத்ரூம் படியில உக்காந்தாரு. கீசர் ஆறட்டும்னு எல்லாரும் காத்துகினு இருந்தோம். அக்கா காப்பி குடுத்துச்சு. ரெண்டு மடக்கு குடிச்சிட்டு, என்னைப் பாக்காம, ஆனா என்கிட்டதான், சொன்னாரு:

"சும்மா குளிர் காஞ்சிகினு இருந்தேன்னு மைக்ல சொன்ன இல்ல."

நான் தலை குனிஞ்சேன்.

"தினம் ட்யூட்டிக்குப் போனதும் முதல் வேலை, பாய்லர் வால்வு திறக்குதான்னு தூக்கிப் பாக்கறதுதான். திறந்து மூடுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு காப்பி உள்ள இறங்கும். அன்னைக்கு முன் வரிசையில சிரிச்சானுங்களே, அவனுங்க எல்லாம் சாயங்காலம் முழுசா வீட்டுக்குப் போனது அதனாலதான்டா. உள்ள சூடு இருக்கற எதுவும் சும்மா நிக்காது. நிக்குதுன்னா யாரோ பாத்துகினு இருக்காங்கன்னு அர்த்தம்."

முப்பது வருஷமா மைக்ல பேசறவன். மைக் இல்லாம மன்னிப்பு கேக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. "தப்புதான் பாவா"ன்னு சொன்னேன். குரல் எனக்கே கேக்கல. அவருக்குக் கேட்டுச்சு. காப்பி டம்ளரை என் கையில குடுத்து, "போயி வெச்சிட்டு வா, வேலை இருக்குது"ன்னாரு.

சொன்ன மாதிரி பத்து மணிக்கு கரீம் பாய் வந்தாரு, கையில சுடுதண்ணி பைப்போட. வென்டிலேட்டர்ல தொங்கற வெள்ளி பைப்பைப் பாத்தாரு. தரையில குங்குமம் பாத்தாரு. "அடைக்காதீங்கன்னு சொன்னேனேண்ணே"ன்னாரு. பாவா எழுந்து, "நீங்க சொன்னீங்களா? ரெண்டு வாட்டி சொன்னீங்களா? அப்படியும் செஞ்சானா?"ன்னு பாய் கையைப் புடிச்சிகினாரு. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேரும் பொறந்ததுல இருந்து சேர்ந்து வளர்ந்தவங்க மாதிரி ஆயிட்டாங்க.

பாய் பைப்பை எடுத்து வேலைய ஆரம்பிக்கப் போனாரு. பாவா தடுத்துட்டாரு.

"இவன் செய்யட்டும் பாய். நம்ம ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். நான்தான் சும்மா உக்காந்து பாக்கறவனாச்சே."

பாய்க்குப் புரியல. எனக்கு சுருக்குனு ஏறுச்சு. ஆனா அவரு உதட்டோரத்துல இருந்தது சிரிப்புதான்னு சத்தியம் பண்ணுவேன்.

நான் பைப்பை வெட்டுனேன். பிளேடு சாஞ்சிது. "மறுபடியும் வேலா?"ன்னாரு பாவா. திரும்ப வெட்டுனேன். நேரா வந்துச்சு. மூக்கு எவ்ளோ பெருசோ பைப்பும் அவ்ளோ பெருசு, எங்கயும் ஒடுங்கக் கூடாதுன்னாரு. மூக்குல இருந்து கீழ, கீழ, கீழதான், ஒரு எடத்துல கூட மேல ஏறக் கூடாது, நடுவுல திருகுற குழாய் எதுவும் வெக்கக் கூடாதுன்னாரு. பாய் பசை தடவக் குடுத்து, சுவத்துல கிளாம்பு அடிக்கற எடத்தைக் காட்டுனாரு. சுவத்தோட சுவரா ஒட்டி மூலைக்கு இறக்குனதால யாரு கால்லயும் இடிக்கல. (இது முந்தின நாளே எனக்குத் தோணியிருக்கலாம்.) முடிவுல, தண்ணி போற ஓட்டைக்கு மேல நாலு விரல் இடம் விட்டு பைப்பு வாய் நின்னுச்சு.

"ஓட்டைக்குள்ளயே சொருகிட்டா சுத்தமா இருக்குமே பாவா?"ன்னு கேட்டேன்.

"சொருகிட்டா சொட்டுதா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்? வாய் திறந்து இருக்கணும். கண்ணுல படணும். பழம் எட்டாத எடத்துல இருக்கணும்."

பசை காயறதுக்குக் கொஞ்ச நேரம் விட்டோம். பாய் தண்ணியைத் திறந்தாரு. பாவா வால்வு மேல இருந்த சின்ன லீவரை ஒரு விரலால தூக்குனாரு. சர்ருனு தண்ணி வந்து, நேரா கீழ இறங்கி, ஓட்டைக்குள்ள போயி விழுந்துச்சு. சுவத்துல ஒரு துளி இல்ல. லீவரை விட்டாரு. நின்னுச்சு. மறுபடி தூக்குனாரு. வந்துச்சு. விட்டாரு. நின்னுச்சு.

வீட்டுல எல்லாரும் பாத்ரூம் வாசல்ல கூட்டமா நின்னு அவரு மூஞ்சியையே பாத்துகினு இருந்தோம்.

"ஆங்"னாரு. மெதுவா.

அன்னைக்கு மதியம் பாவா என் கீசர்ல, என் பைப்புக்குப் பக்கத்துல, ஆவி பறக்கக் குளிச்சாரு. அப்புறம் எல்லாரும் மலை ஏறுனோம். பாதிப் படியில அவருக்கு மூச்சு வாங்குச்சு. என் தோளைப் புடிச்சிகினாரு. அக்கா பின்னாடி வந்துச்சு, நடுவுல இல்ல. பேரனுக்கு மொட்டை போட்டாங்க. குழந்தை அழுத அழுகை மலைக்கே கேட்டுச்சு, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேக்கல. பேசிகினு இருந்தோம்.

சபதம் உடைஞ்சுதா இல்லையான்னு நகரியில இன்னும் பஞ்சாயத்து. தம்பிகிட்ட தமிழ்ல பேச மாட்டேன்னுதானே இருந்தாரு, முதல் வார்த்தை தெலுங்குலதானே வந்துச்சு, அதனால மனுஷன் வாக்கு தவறலன்னு அக்கா வாதாடுது.

இப்ப தினம் காலையில ஏழு மணிக்கு பாவா போன் பண்ணுவாரு. நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு எல்லாம் கிடையாது.

"சொட்டுதா?"

"சொட்டுது பாவா."

"ஆங்." வெச்சிடுவாரு.

போன மாசம் ஒரு நாள் காலையிலயே ஸ்பீக்கர் சாமான் வாங்க அரக்கோணம் பஸ்ல போயிகினு இருந்தேன். ஒரே கூட்டம். சரியா ஏழு மணிக்கு போன் அடிச்சுது. பஸ் சத்தத்துல அவருக்கு என் குரல் கேக்கல. நான் மைக்காரன் இல்லையா, தொண்டையைத் திறந்துட்டேன்.

"சொட்டுது பாவா! ... ஆங், காலையில பாத்தேன்! ... இல்ல இல்ல, நிக்கல, நல்லாவே சொட்டுது! ... சுடத்தான் சுடுது!"

போனை வெச்சா பஸ்ஸு கம்முனு இருக்குது. பக்கத்து சீட்டுப் பெரியவரு என் முழங்கால் மேல கையை வெச்சாரு. குரலை இறக்கி, "கூச்சப்படாத நைனா. எனக்கும் உன் வயசுல இப்படித்தான் ஆரம்பிச்சுது. அரக்கோணத்துல இறங்கி என் கூட வா, நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு"ன்னாரு.

மறுநாள் காலையில இதை பாவாகிட்ட சொன்னேன். போன்ல ஒரு மாதிரி கொரகொரன்னு சத்தம் வந்துச்சு. லைன் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். பின்னாடி அக்கா, "அய்யய்யோ, இன்னா ஆச்சுங்க?"ன்னு கத்திகினே ஓடி வர்றது கேட்டுச்சு.

முப்பத்தஞ்சு வருஷமா குடும்பம் நடத்துது, பாவம். அவரு வாய் விட்டு சிரிச்சா எப்படி இருக்கும்னு அதுக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.